உறையின் மேல் எண்பத்தெட்டு

குட்டி,

நேற்று உனக்குக் காது குத்தியாயிற்று. நீ இப்போது பள்ளிக்கூடம் போயிருக்கிறாய், இரண்டு காதிலும் மஞ்சள் தடவி அனுப்பியிருக்கிறேன். இதை நீ படிக்கும்போது மீசை முளைத்திருக்கும். எந்த ஊரிலோ வேலையில் இருப்பாய், காதில் துளை இருந்த இடம்கூடத் தூர்ந்து போயிருக்கும். ஆனால் படம் இருக்கும். பிலிம் ரோலை இன்னும் கழுவக் கொடுக்கவில்லை, ஆனாலும் அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நீ மொட்டைத் தலையோடு வேலு மாமாவின் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுகிறாய். மாமா உன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்கிறான். ஓரத்தில் நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நிற்கிறேன். மகனுக்குக் காது குத்துகிற நாளில் ஒரு தாய் சிரிக்க வேண்டும், அல்லது அழ வேண்டும். எனக்கு இரண்டும் வரவில்லை. ஏன் என்று ஒருநாள் நீ கேட்பாய். கேட்கும்போது எனக்குச் சொல்ல வாய் வருமோ வராதோ. அதனால் எழுதி வைக்கிறேன். ஐந்து வருடம் முன்பே வேறு ஒருவனுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தாமதமாக உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்றும் நீ கவனித்திருக்கலாம். நம் ஊர்ப்பக்கம் அம்மாக்கள் பையனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 'தம்பி, சாப்பிட வாடா', 'தம்பிக்குத் தூக்கம் வருது'. நான் உன்னை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே ஒருவனுக்குப் போய்விட்டது, அவனோ அப்போது எங்களோடு இல்லை. அதனால்தான் நீ குட்டியானாய். உன் அப்பா இதைக் கவனித்தாரா என்று தெரியாது. கேட்டதில்லை.

வேலு மாமா எனக்கு மூன்று வயது இளையவன். நாங்கள் இருவரும் ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், நன்றாகத் தேறினேன். அவன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டான். படிப்பு வராதவன் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும்தான். அப்புறம் எனக்குக் கல்யாணமாகி, உன் அப்பாவின் வேலைக்காக ஜீவனஹள்ளியில் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். எனக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இரண்டாயிரம் பிறந்தால் என்ன ஆகுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயம் அது. எலெக்ட்ரானிக் சிட்டியில் மாதத்துக்கு ஒரு கட்டடம் எழும்பியது. கட்டடம் எழும்பினால் உள்ளே கேபிள் போக வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன அறை, அந்த அறையிலிருந்து ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நெட்வொர்க் கேபிள். பையன்கள் கூரைக்குள் ஏறி இழுத்துப் போடுவார்கள். நான் கையடக்கமான ஒரு டெஸ்டரை முனையில் மாட்டிப் பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவேன். அறையிலிருந்து மேஜைச் சுவர் வரைக்கும் தொண்ணூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதுதான் விதி. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சரியா தப்பா என்று ஒரு கருவி சொல்லிவிடுகிற வேலை, பயந்தவளுக்குப் பெரிய ஆறுதல்.

வேலுவை அந்தக் கம்பெனியில் கேபிள் இழுக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். நேரடியாகச் சொல்லவில்லை, உன் அப்பாவின் நண்பர் ஒருவர் மூலமாகச் சொல்ல வைத்தேன். முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டேன். "சைட்டுல நான் உன் அக்கா இல்ல. தெரிஞ்சா, நீ இழுத்ததுக்கு நான் போடற கையெழுத்த யாரும் நம்ப மாட்டாங்க. அங்க மேடம்னு கூப்பிடு."

அவன் அதை வைத்து இரண்டு மாதம் என்னைப் படுத்தி எடுத்தான். அப்போது அவன் நம் வீட்டில்தான் தங்கியிருந்தான். "மேடம், இன்னொரு தோசை பாஸ் பண்ணுவீங்களா?" "மேடம், சட்னியில உப்பு லிமிட்ட தாண்டிக்கினு போகுது, மெஷின வெச்சிப் பாருங்க." உன் அப்பாவும் சேர்ந்துகொண்டு சிரிப்பார். இந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு வராதவன் என்று நாங்கள் சொன்னவன் ஒரு நோட்டு வைத்திருந்தான். கேபிளின் மேலே இருக்கிற சாம்பல் நிற உறையில் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருக்கும். தையல்காரரின் அளவு நாடா மாதிரி, கேபிளே தன் மேல் அளவை எழுதிக்கொண்டு வரும். ஒரு முனையில் உள்ள எண்ணிலிருந்து மறுமுனையில் உள்ள எண்ணைக் கழித்தால் போட்ட நீளம். மற்றவர்கள் குத்துமதிப்பாக எழுதுவார்கள். வேலு இரண்டு முனைக்கும் போய், டார்ச் அடித்து, படித்து எழுதுவான். எழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனால் எண்கள் மட்டும் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். அவன் நோட்டை நான் சைட்டில் எத்தனையோ முறை வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்திலும் தப்பு கண்டதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் வேலை பார்த்த கட்டடத்தில், கேபிள் அறையிலிருந்து வடகிழக்கு மூலைதான் மிகத் தூரம். அங்கே பதினோரு மேஜைகள். கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து சரிபார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்துகிறவர் அல்ல. டெஸ்டரில் நான்கு எண்கள் வரும். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம். நீலம் எண்பத்தொன்பது, அடுத்த இரண்டும் அதற்கும் தொண்ணூறுக்கும் நடுவே, பழுப்பு தொண்ணூற்று ஒன்று. கீழே 'பாஸ்' என்று காட்டியது. நான் எப்போதும் கீழே இருக்கும் அந்தச் சொல்லை மட்டுமே பார்ப்பேன். அவர் மேலே பார்த்தார்.

"இது என்ன தொண்ணூத்தி ஒண்ணு? லிமிட் தொண்ணூறுதானே?"

"பாஸ்னு காட்டுது சார்."

"மெஷின் பாஸ்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க? நான் உங்களத்தான் கேக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை. ஒரே கேபிளுக்குள் இருக்கிற நான்கு ஜோடிக்கு எப்படி நான்கு நீளம் வரும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. 'தெரியல, பாத்துச் சொல்றேன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொற்கள். நான்கு வருடக் கல்லூரியில் அந்த மூன்று சொல்லைச் சேர்த்துச் சொல்ல நான் பழகியிருக்கவில்லை. உன்னை வயிற்றில் சுமந்து ஐந்தாவது மாதம். அந்த மாதத்தோடு வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பது அந்தக் கட்டடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. அப்போது மனசில் என்ன ஓடியது என்று சொல்கிறேன்.

"மேல சுருட்டி விட்டிருப்பாங்க சார்," என்றேன். "இழுக்கிற பசங்க மீதிய வெட்டாம சீலிங்லயே விட்டுடுவாங்க."

அவ்வளவு சுலபமாக வந்தது. சூப்பர்வைசர் ரேவண்ணா உடனே திரும்பி, பாதி கன்னடத்தில் இங்கே வா என்று குரல் கொடுத்தார். "ஏ வேலு, இல்லி பாரப்பா. இது யார் இழுத்தது?"

வேலு ஏணியிலிருந்து இறங்கி வந்தான். தலையெல்லாம் சீலிங் தூள், புருவம்கூட வெள்ளை. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பின் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தான். "எண்பத்தெட்டு சார். பதினோரு லைனும் எண்பத்தெட்டுக்குள்ளதான். உறை மேலயே இருக்குது, ரெண்டு முனையும் வந்து பாருங்க."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" என்றார் இன்ஜினியர்.

வேலு என் பக்கம் திரும்பினான். சின்ன வயதில் கணக்கு வாத்தியார் அடிக்க வரும்போது ஜன்னல் வழியாக என் வகுப்பைப் பார்ப்பானே, அந்த முகம். "அக்கா, நீ சொல்லுக்கா. உள்ள ஒயரு முறுக்கிக்கினு இருக்குதில்ல, அத பிரிச்சா..."

"யாருக்கு யாரு அக்கா? மேடம்னு கூப்பிடு."

இதைச் சொன்னது நான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரேவண்ணா சிரித்தார். "அக்காவாம். இங்க எல்லாரும் அக்கா தங்கச்சிதான் போல." இன்ஜினியரும் மரியாதைக்கு லேசாகச் சிரித்தார். வேலு நோட்டை மூடினான். முறுக்கைப் பிரித்தால் என்ன ஆகும் என்று அவன் சொல்ல வந்ததை அன்று யாரும் கேட்கவில்லை.

படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: இழுத்தவரின் அளவுக் குறிப்பு நம்பத்தக்கதல்ல, பதினோரு லைன்களும் மறுபடி இழுக்கப்படும். கீழே கையெழுத்து. என் கையெழுத்து அழகாக இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். அன்று சாயங்காலமே அவனைச் சைட்டை விட்டு அனுப்பினார்கள். கழுத்து அட்டையைக் கழற்றி ரேவண்ணாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனதைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். உன் அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில் இல்லை. "சாப்ட்டு போடா," என்றேன். "இது நாளைக்குள்ள சரியாயிடும், நான் பேசறேன்." அவன் பையின் வாரைத் தோளில் போட்டுக்கொண்டு, "சாவிய ஆணியில மாட்டிட்டேன் மேடம்," என்றான். தோசைக்குச் சொன்ன மேடம் இல்லை அது. சிரிப்பு இல்லாமல், ரேவண்ணா சொல்கிற மாதிரி, சரியான மரியாதையோடு சொன்னான். நான் சொல்லிக்கொடுத்த சொல்லைத்தான் சொன்னான்.

குட்டி, அதுவரை நடந்தது அவசரத்தில் நடந்தது. அடுத்தது அப்படி இல்லை. ஐந்து நாள் கழித்து வேறு ஒரு குழு வந்து பதினோரு லைனையும் புதிதாக இழுத்தது. சீலிங்கைத் திறந்தபோது பழைய கேபிள் எங்கேயும் சுருண்டு கிடக்கவில்லை. சுவர் ஓரமாக நேராக, இரண்டடிக்கு ஒரு கட்டுப் போட்டு, ஒழுங்காக இருந்தது. புதுக் கேபிளை டெஸ்டரில் மாட்டினேன். நீலம் எண்பத்தொன்பது. பழுப்பு தொண்ணூற்று ஒன்று. அடுத்த லைன், அதுவும் அப்படியே. பதினொன்றையும் பார்த்தேன். சரிபார்க்க அன்றைக்கு வேறு ஒருவர் வந்திருந்தார். அவர் கீழே இருந்த 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், டீ குடிக்கப் போனார். நான் டெஸ்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ரேவண்ணாவிடம் போய் வேலு எழுதியது சரி என்று சொல்ல நாற்பது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. கால் மரத்திருந்தது என்று நினைத்தேன். கர்ப்பகாலத்தில் கால் மரக்கும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இப்போது யோசித்தால், அன்று மரத்தது இன்னும் விடவில்லை.

அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. நீ பிறந்ததும் அதை விட்டுவிட்டேன். வேலு ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் ஏதோ பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். அவனுக்குக் கல்யாணம் என்றபோது உன் அப்பா மட்டும் போய்வந்தார். நான் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. உனக்கு ஒரு வயதில் காது குத்தியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டேன். மூன்றாம் வயதிலும் தள்ளிப்போட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது நம் வழக்கம். உன் அத்தை போனில் கேட்டார். "உன் புள்ளைக்கு மாமன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையாம்மா? இல்லன்னா சொல்லு, நாடகக் கம்பெனியில வாடகைக்கு எடுத்தாரேன்." நான் சிரித்து வைத்தேன். அத்தை கெட்டவர் இல்லை. தெரியாமல் கேட்டது. உன் அப்பாவுக்கே முழுசாகத் தெரியாது. அக்கா தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

போன வாரம் உன் பள்ளிக்கூடத்தில் கைவேலைக்கு வண்ண வண்ணக் கம்பி கேட்டார்கள். உனக்கு அது ஞாபகம் இருக்காது. பால்கனியில் துணி காயப்போடுகிற கொடி, அந்தக் காலத்தில் நான் சைட்டிலிருந்து கொண்டுவந்த துண்டுக் கேபிள்தான். கொடிக்கு மூன்று மீட்டர் போக, அதே அளவு ஆணியில் சுருட்டித் தொங்கியது. அந்த மிச்சத்தை வெட்டி உறையை நீளவாக்கில் கீறினேன். உள்ளேயிருந்து நான்கு ஜோடிக் கம்பிகள் வந்தன, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, ஒவ்வொன்றும் தன் துணையான வெள்ளைக் கம்பியோடு பின்னிக்கொண்டு. நீ ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டாய், நான் முறுக்கைப் பிரித்தேன். பிரித்த கம்பிகளை நீவி நேராக்கி, காலி உறைக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்தாய். நீலம் உறையைவிட ஒரு விரற்கடை நீண்டிருந்தது. பழுப்பு நான்கு விரற்கடை.

"அம்மா, இது உள்ளதான இருந்துச்சு. எப்பிடி வெளிய பெருசா ஆயிடுச்சு?" என்று கேட்டாய்.

ஐந்து வயதில் நீ கேட்ட கேள்வியை இருபத்தைந்து வயதில் நான் கேட்கவில்லை. பால் கார்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று மீட்டருக்கு நான்கு விரற்கடை என்றால் எண்பத்தெட்டு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வரும். கொஞ்சம் முன்னே பின்னே போட்டால் தொண்ணூற்று ஒன்று. அவ்வளவுதான் விஷயம். கம்பி நேராகப் போவதில்லை. துணையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. படிக்கட்டு சுற்றி ஏறுகிறவன் மாடிக்குப் போகிற உயரத்தைவிட அதிகம் நடக்கிற மாதிரி. எவ்வளவு நெருக்கமாக முறுக்குகிறோமோ அவ்வளவு அதிகம் சுற்ற வேண்டும், அவ்வளவு அதிகச் செம்பு உள்ளே போகும். முறுக்குவது எதற்கென்றால், வெளியே இருக்கும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழுந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். நான்கு ஜோடியையும் ஒரே அளவில் முறுக்கினால் ஒன்று பேசுவது அடுத்ததற்குக் கேட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெருக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம். பரணிலிருந்து டெஸ்டரின் பழைய கையேட்டை இறக்கிப் பார்த்தேன். அதில் ஒரு பக்கத்தில் எல்லாம் இருந்தது. நான்கில் குறைந்த நீளத்தைத்தான் விதிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. அந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. எண்பத்தெட்டும் சரி, தொண்ணூற்று ஒன்றும் சரி. ஒன்று கேபிள் கடந்த தூரம், இன்னொன்று உள்ளே கம்பி நடந்த தூரம். வேலுவும் பொய் சொல்லவில்லை, மெஷினும் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் பொய் சொன்னது ஒரே ஆள்தான்.

மறுநாள் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கம்பிகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பொம்மசந்திராவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஷிப்ட் விடுகிற நேரம் அவன் கம்பெனி வாசலில் நின்றேன். வெளியே வந்தவன் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றான். பிறகு, "வாங்க மேடம்," என்றான். டீக்கடையில் உட்கார வைத்து எனக்குச் சர்க்கரை குறைவாகச் சொன்னான். அது அவனுக்கு ஞாபகம் இருந்தது. நான் செய்தித்தாளைப் பிரித்துப் பெஞ்சின் மேல் கம்பிகளைப் பரப்பினேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த விளக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவன் தலையாட்டினான்.

"தெரியும். இதத்தான் அன்னிக்கு சொல்ல வந்தேன்."

"உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"முனைய மாட்டறதுக்கு உறைய உரிச்சி பிரிப்போமில்ல? பிரவுன் எப்பவும் நீட்டிக்கினு நிக்கும். அத வெட்டி வெட்டித்தான் சமமாக்கணும். எல்லா பசங்களுக்கும் தெரியும். ஏன்னுதான் தெரியாது, நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நான் டீயைப் பார்த்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. "அந்த ரிப்போர்ட்ட நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது வேலு. உன் அளவுதான் சரி. உன் வேலை போச்சு."

"வேலை போனா வேற வேலை." அவன் ஒரு பழுப்புக் கம்பியை எடுத்து விரலில் சுற்றினான். "அளவத் தப்பா எழுதினதுக்கா நான் பைய தூக்கினேன்? அஞ்சு வருசமா அப்பிடியா நெனச்சிக்கினு இருக்கீங்க?"

அதற்கு மேல் அவன் சொல்லத் தேவையும் இல்லை. ஐந்து வருடமாக நான் தப்பான குற்றத்துக்கு மன்னிப்புத் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிள் நீளத்தை நிரூபித்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, 'யாருக்கு யாரு அக்கா என்று கேட்டேனே, அதற்காக வந்திருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "வர்ற ஞாயித்துக்கிழமை கொழந்தைக்குக் காது குத்தறோம்," என்றேன்.

"பையன் பேரு என்ன வெச்சீங்க?"

உன் பெயரைச் சொன்னேன். அவன் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நல்ல பேரு," என்றான். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் கம்பிகளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

நேற்று நம் தெருமுனைக் கோவிலில் ஆசாரி பத்து மணிக்கே வந்துவிட்டார். வேலு வரவில்லை. பத்தரை ஆயிற்று. அத்தை தன் ஓரகத்தி மகனைத் தயாராக உட்கார வைத்திருந்தார். "மடி யாருதா இருந்தா என்னம்மா, காது நம்ம காதுதானே. நேரம் போகுது," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சரி என்று நான் தலையாட்டப் போகும்போது வாசலில் அவன் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. பின்னால் அவன் மனைவி, அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பார்க்கிறேன், தட்டில் உனக்குச் சட்டை, வாழைப்பழம், வெற்றிலை. அத்தைக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவர் குரல் கொஞ்சம் பெரியது, கோவில் முழுக்கக் கேட்கும்.

"யாரும்மா இவரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தம்பி," என்றேன். யாருக்கும் கேட்கவில்லையோ என்று தோன்றியது. மறுபடி சொன்னேன். "என் கூடப்பொறந்த தம்பி. நான் இவனுக்கு அக்கா."

குரல் உடையும் என்று நினைத்தேன், உடையவில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் சொல்கிற மாதிரி வந்தது. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். உன்னைக் கொடுத்தேன். புது ஆள் என்று நீ கத்துவாய் என்று பயந்தேன். நீ அவன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்தாய். ஊசி ஏறியபோதுதான் அழுதாய். உன் அப்பா படம் எடுத்தது அப்போதுதான்.

சாப்பாடு நம் வீட்டில். கூட்டம் போன பிறகு நீ அவனைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொடியைக் காட்டினாய். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவன் ஈரத்துண்டை ஒதுக்கிவிட்டு உறையைத் தடவிப் பார்த்தான். உன்னைத் தூக்கி, "இங்க நம்பர் இருக்குது பாரு. படி," என்றான்.

"ரெண்டு, ஒண்ணு, நாலு."

அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனான். "இங்க?"

"ரெண்டு, ஒண்ணு, ஏழு."

"அப்ப எத்தினி மீட்டரு?"

நீ விரல் விட்டு எண்ணினாய். நேரம் எடுத்துக்கொண்டாய். "மூணு."

அவன் உன்னை இறக்கிவிட்டான். என்னைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்தான். "சரியான்னு உங்கம்மாவ கேளு."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நீ கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன். "சரிதான் குட்டி. உறை மேல மாமா பாத்துப் படிச்சா சரியாத்தான் இருக்கும்."

ஐந்து வருடம் முன்னால், நான்கு பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டியது. அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பின் வாரை மாட்ட நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி என்னிடம், "வரோம் அண்ணி," என்றாள். அவன் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை.

இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அழகாக எழுதலாம் என்றுதான் காலையில் பேனாவை எடுத்தேன். இப்போது பார்த்தால் ஒன்றிரண்டுதான் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல், அதுவும் உனக்கு மேலே இருக்கிறவர் கேட்கும்போது சொல். ஒருவன் தன் கையால் அளந்ததைக் கொண்டுவந்து காட்டினால், அவன் பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிரு. வேலை இடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று எந்த உறவையும் இரண்டாக மடித்து வைக்காதே. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் உனக்கு உதவுமா என்று தெரியாது. நான் இன்னும் சரியாக வருந்தக்கூட இல்லை என்று சில நேரம் தோன்றுகிறது. உள்ளே எங்கேயோ சத்தம் வராத ஒரு இடம் இருக்கிறது, அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அவர்கள் கிளம்பும்போது நடந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு உன்னைக் கூட்டிவரப் புறப்பட வேண்டும், மணி ஆகிவிட்டது. படியில் இரண்டு படி இறங்கியவன் நின்று திரும்பினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எனக்கு முன்னால் நின்றாய். எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்று மீட்டர்கூட இருக்காது. அவன் உன்னைப் பார்த்து, "காதுல தண்ணி படாம பாத்துக்க சொல்லு," என்றான்.

நீ உடனே திரும்பி, நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்பது போல, என் புடவையை இழுத்துச் சொன்னாய். "அம்மா, காதுல தண்ணி படாம பாத்துக்கணுமாம். மாமா சொன்னாங்க."

"சரின்னு மாமாகிட்ட சொல்லு," என்றேன்.

நீ போய்ச் சொன்னாய்.

அம்மா